குவெல்ஃப் ஊரின் பீரங்கிப் படை: கனடாவின் 11-வது பீல்ட் ரெஜிமென்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் கனடாவில் பாதிப் பேர் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ ஏறிவிடும். பள்ளியில் பிள்ளைகள் ஒரு போர்க்கவிதையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அதை எழுதிய ஜான் மெக்ரே ஒரு மருத்துவர் என்று பலருக்கும் தெரியும். அவர் பீரங்கிப் படையில் வளர்ந்தவர் என்பதும், அவரை வளர்த்த படை இன்றும் அதே ஊரில் கூடிப் பயிற்சி செய்கிறது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒன்டாரியோ மாகாணத்தின் குவெல்ஃப் நகரில் இருக்கும் அந்தப் படையின் கதையைத்தான் இங்கே கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறேன்.

இது முழுநேர ராணுவமா?

இல்லை. கனடா ராணுவத்தின் ரிசர்வ் பிரிவைச் சேர்ந்த படை. இந்தியாவில் பிராந்திய ராணுவம் என்று ஒன்று இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இதில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் மற்ற நாட்களில் படித்துக்கொண்டோ வேறு வேலை பார்த்துக்கொண்டோ இருப்பவர்கள். வழக்கமாக வாரத்தில் ஒரு மாலை ஊரிலுள்ள படைக்கூடத்தில் கூடுவார்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு களப்பயிற்சி இருக்கும். கோடையில் மீஃபோர்ட், பெட்டவாவா போன்ற பயிற்சித் தளங்களுக்குப் போய் நிஜக் குண்டுகளைச் சுட்டுப் பழகுவார்கள்.

தலைமையகம் குவெல்ஃப். டொரோன்டோவிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான கார்ப் பயணம். 16-வது பேட்டரி குவெல்ஃபிலும் 11-வது பேட்டரி ஹாமில்டனிலும் இருக்கின்றன. தென்மேற்கு ஒன்டாரியோவின் ரிசர்வ் படைகளையெல்லாம் சேர்த்து நடத்தும் 31-வது கனடியப் பிரிகேட் குழுவின் கீழ் இது வருகிறது.

பேட்டரி என்றால் என்ன? ரெஜிமென்ட் என்றால் என்ன?

இங்கே பேட்டரி என்பது டார்ச் லைட்டில் போடுவது அல்ல. ஒன்றாக நின்று ஒரே இலக்கைச் சுடும் நான்கு, ஆறு அல்லது எட்டுப் பீரங்கிகளும், அவற்றை இயக்கும் ஆட்களும் சேர்ந்ததுதான் பேட்டரி. காலாட்படையில் கம்பெனி எப்படியோ, பீரங்கிப் படையில் பேட்டரி அப்படி. இரண்டு மூன்று பேட்டரிகள் சேர்ந்தால் ரெஜிமென்ட். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்த அமைப்பைப் பிரிகேட் என்றே அழைத்தார்கள்.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி தேவைப்படும். கனடாவின் பீரங்கிப் படை வரலாற்றைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ரெஜிமென்டின் எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்க் குழம்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் முதலில் திணறினேன். ரெஜிமென்ட்கள் கலையும், சேரும், பெயர் மாறும். பேட்டரியோ தன் ஊரை விடாது. ஒரு பேட்டரியின் எண்ணைப் பிடித்தால் ஓர் ஊரின் மூன்று தலைமுறை கிடைத்துவிடும்.

எப்போது தொடங்கியது?

நேரடி மூலம் 1880. அந்த வருடம் மார்ச் 24 அன்று குவெல்ஃபில் 'முதலாவது தற்காலிகப் பீல்ட் பீரங்கிப் பிரிகேட்' அமைக்கப்பட்டது. அதுவரை குவெல்ஃபைச் சுற்றியிருந்த பேட்டரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இயங்கின. அவற்றை ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்ததுதான் புதுமை. தற்காலிகம் என்று பெயர் வைத்தார்கள், ஆனால் அது நிலைத்துவிட்டது. 1920-இல் 11-வது பிரிகேட் என்ற எண் வந்தது, பிற்காலத்தில் அதுவே 11-வது ரெஜிமென்ட் ஆனது.

பேட்டரிகளின் வேர் இன்னும் பழையது. கிரிமியப் போருக்காகப் பிரிட்டன் தன் முழுநேர முறைப்படைகளை வட அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டு போனபோது, கனடா 1855-இல் மிலிஷியா எனப்படும் பகுதிநேர ஊர்ப்படைகளுக்கான சட்டம் ஒன்றை இயற்றி, தானே தொண்டர் படைகளை வளர்க்க ஆரம்பித்தது. அந்தச் சட்டத்தின் கீழ் உருவானவற்றில் ஹாமில்டன் பீல்ட் பேட்டரி ஒன்று. இன்றைய 11-வது பேட்டரியின் வேர் அங்கேதான் இருக்கிறது. குவெல்ஃபின் பேட்டரி 1866-இல் வந்தது. அதற்குக் காரணம் ஃபீனியன்கள்.

ஃபீனியன்கள் யார்? அவர்களோடு இந்தப் படை சண்டை போட்டதா?

அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து விடுவிக்க நினைத்த அமெரிக்க வாழ் ஐரிஷ்காரர்கள் ஃபீனியன்கள். பலர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டு அனுபவம் பெற்றவர்கள். கனடாவைத் தாக்கினால் பிரிட்டனுக்கு நெருக்கடி கொடுக்கலாம் என்று 1866 ஜூன் தொடக்கத்தில் நயாகரா ஆற்றைக் கடந்து வந்தார்கள். ஜூன் 2 அன்று ரிட்ஜ்வே என்ற இடத்தில் மோதல் நடந்தது.

இதில் என்னை விடாமல் உறுத்தும் ஒரு செய்தி உண்டு. அன்று கனடியப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஆல்ஃபிரட் புக்கர். ஹாமில்டனில் ஏல வணிகம் செய்தவர், அந்த ஊரின் தொண்டர் பீரங்கிப் படையை வளர்த்தெடுத்தவர். அடிப்படையில் பீரங்கிக்காரர். ஆனால் ரிட்ஜ்வேயில் அவர் கையில் ஒரு பீரங்கிகூட இல்லை, குதிரைப்படையும் இல்லை. கல்லூரி மாணவர்களும் கடைக்காரர்களும் நிறைந்த காலாட்படையை மட்டும் வைத்துக்கொண்டு, போரில் பழகிய ஆட்களை எதிர்கொண்டார். எதிரியின் குதிரைப்படை வருகிறது என்று ஒரு தவறான எச்சரிக்கை கிளம்பியது. குதிரைப்படையைத் தடுக்கும் சதுர அணிவகுப்புக்கு உத்தரவு போனது. வராத குதிரைக்காக நெருக்கியடித்து நின்றவர்கள் ஃபீனியன் துப்பாக்கிகளுக்கு எளிய இலக்கானார்கள். அணி சிதறியது. களத்தில் ஒன்பது கனடியர்கள் இறந்தார்கள்.

ஃபீனியன்கள் சீக்கிரமே திரும்பிப் போய்விட்டார்கள். ஆனால் எல்லையோர ஊர்களுக்கு உறைத்துவிட்டது. குவெல்ஃப் போன்ற இடங்களில் பேட்டரிகள் எழுந்தது இந்த அச்சத்தில்தான்.

ஜான் மெக்ரே மருத்துவரா, பீரங்கிப் படை வீரரா?

இரண்டும்தான். எது முதலில் என்று அவரைக் கேட்டிருந்தால் பீரங்கி என்றே சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம்.

1872 நவம்பர் 30 அன்று குவெல்ஃபில் பிறந்தார். அப்பா டேவிட் மெக்ரே உள்ளூர் பேட்டரியின் தளபதி. ஜான் பதினான்கு வயதில் கேடட் படையில் சேர்ந்தார். அப்பாவின் பேட்டரியில் பியூகிள் ஊதினார், பிறகு கன்னர் ஆனார். கன்னர் என்பது பீரங்கிப் படையில் கடைசிப் படி, காலாட்படையின் சிப்பாய்க்குச் சமம். தளபதியின் மகன் அங்கிருந்துதான் ஆரம்பித்தார்.

டொரோன்டோவில் மருத்துவம் படித்து 1898-இல் பட்டம் வாங்கினார். அடுத்த வருடமே தென்னாப்பிரிக்காவில் போயர் போர் வெடித்தது. மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆய்வு நிதியுதவி காத்திருந்தது. அதைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போருக்குப் போனார். டாக்டராக அல்ல, பீரங்கிப் படை லெப்டினன்டாக! 1900 ஜனவரியில் கப்பலேறிய 'டி' பேட்டரியில் குவெல்ஃப் ஆட்களின் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அதே பேட்டரியில் எட்வர்ட் மாரிசன் என்ற ஒட்டாவாப் பத்திரிகையாளரும் அதிகாரியாக இருந்தார். அந்த நட்பு பதினைந்து வருடம் கழித்து பெல்ஜியத்தில் மறுபடி வரும்.

திரும்பி வந்து குவெல்ஃப் பிரிகேடில் மேஜர் வரை உயர்ந்து, 1904-இல் விலகி மருத்துவத்தில் முழுமூச்சாக இறங்கினார். மாண்ட்ரியாலில் பேர்பெற்ற மருத்துவராகவும் ஆசிரியராகவும் ஆனார். 1914-இல் போர் வந்ததும் நாற்பத்தொரு வயதில் மறுபடி பீரங்கிகளிடமே வந்து சேர்ந்தார். மாரிசன் தலைமை தாங்கிய கனடாவின் முதலாவது பீல்ட் பீரங்கிப் பிரிகேடில் அவர் மருத்துவர், கூடவே துணைத் தளபதி.

அந்தக் கவிதை பிறந்த கதை?

1915 ஏப்ரல் 22 மாலை பெல்ஜியத்தின் ஈப்ரு நகருக்கு அருகே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கும் மேலாக மெக்ரேயின் பிரிகேட் அங்கே பீரங்கி நிலையிலேயே நின்றது. ஈசர் கால்வாய்க் கரையில் தோண்டிய பதுங்குகுழியில் மெக்ரே காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மே 2 காலையில் ஒரு குண்டு லெப்டினன்ட் அலெக்ஸிஸ் ஹெல்மர் மீது நேராக விழுந்தது. ஹெல்மரும் பீரங்கிப் படைக்காரர், மெக்ரேயின் இளம் நண்பர். பாதிரியார் கிடைக்காததால் மெக்ரேயே இறுதி வாசகங்களைச் சொல்லி அடக்கம் செய்தார். மறுநாள் எழுதியதுதான் 'இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்'. லண்டனின் 'பஞ்ச்' இதழ் 1915 டிசம்பர் 8 அன்று எழுதியவர் பெயரில்லாமல் அதை வெளியிட்டது.

கவிதையிலிருந்து பாப்பிப் பூ நினைவுச் சின்னமானது. 1921-இல் கனடாவின் போர் வீரர் அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது.

கவிதை எழுதிய அடுத்த மாதம், 1915 ஜூனில், மெக்ரேயைப் பிரான்சில் ஒரு கனடிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். பீரங்கிகளை விட்டுப் போக அவருக்கு மனமே இல்லை. 1918 ஜனவரி 28 அன்று நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் சேர்ந்து அவரைக் கொண்டுபோயின. விமரோ கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அவருடைய குதிரை போன்ஃபயர், சேணத்தில் அவர் பூட்ஸ்களைத் திருப்பி மாட்டியபடி, ஊர்வலத்தில் நடந்து வந்தது.

மெக்ரேயின் அப்பாவும் போருக்குப் போனாரா?

போனார். இந்தக் கதை எனக்கு மகன் கதையைவிடக் குறைந்ததாகத் தோன்றவில்லை. முதல் உலகப் போரின்போது டேவிட் மெக்ரேவுக்கு வயது எழுபது. அந்த வயதில் குவெல்ஃபில் ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, 43-வது பேட்டரியை உருவாக்கினார். 1916-இல் தானே அதைக் கடல் கடந்து இங்கிலாந்து வரை கூட்டிக்கொண்டு போனார். வயதைக் காரணம் காட்டி அவரை அதற்கு மேல் போர்முனைக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள். பேட்டரி பிரான்சுக்குப் போனது, பெரியவர் ஊர் திரும்பினார்.

43 என்ற அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாமில்டன் பேட்டரிகளிலிருந்து வந்த பெரிய பெயர்கள் யாராவது உண்டா?

இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் ஹாரி கிரேரர். ஹாமில்டனில் 1888-இல் பிறந்தவர். பொறியாளர், மின்வாரிய வேலை, கூடவே மிலிஷியா. 1909-இல் ஊர்ப் பேட்டரியில் அதிகாரியாகச் சேர்ந்து, முதல் உலகப் போரில் 11-வது பேட்டரியோடு போனார். எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து அடக்கும் கலையில் தேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் முதலாவது கனடிய ராணுவம் முழுவதற்கும் தளபதி அவர்தான். ஒரு முழு நாட்டின் களப்படையை நடத்தியவர் தொழிலைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது உள்ளூர்ப் பகுதிநேரப் பேட்டரியில்.

இன்னொருவர் கான் ஸ்மைத். ஹாக்கி பார்ப்பவர்களுக்கு டொரோன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியை வளர்த்தவராகத் தெரியும். அந்த அணிக்கு 1931-இல் அரங்கம் கட்டியதும் அவர்தான். 1915-இல் ஹாமில்டனில் விளையாட்டு வீரர்களைத் தேடிச் சேர்த்து உருவாக்கிய 40-வது பேட்டரியில் ஸ்மைத் சேர்ந்தார். அதை உருவாக்கிய கார்டன் சதம் 1916-இல் சொம் களத்தில் இறந்தார். ஸ்மைத் வீரப் பதக்கம் வாங்கி, பிறகு விமானப்படைக்கு மாறி, சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார்.

இரண்டாம் உலகப் போரில் 11-வது ரெஜிமென்ட் எங்கே போனது?

இங்கேதான் ரெஜிமென்ட் எண்ணை நம்பினால் வழி தவறும். ஊர்ப் பேட்டரிகள் இரண்டு கூறாகப் பிரிந்து போயின.

11-வது என்ற எண்ணைச் சுமந்தது 11-வது ஆர்மி பீல்ட் ரெஜிமென்ட். குவெல்ஃபின் 29-வது பேட்டரியும் ஹாமில்டனின் 40-வது பேட்டரியும் அதில் இருந்தன. ஒரு குறிப்பிட்ட டிவிஷனோடு (பல பிரிகேடுகள் சேர்ந்த பெரும்படை) ஒட்டாமல், எங்கே தேவையோ அங்கே அனுப்பப்படும் ரெஜிமென்ட் அது. இத்தாலியில் லிரி பள்ளத்தாக்கு, காதிக் கோடு என்ற ஜெர்மானிய அரண்வரிசை என்று போரிட்டு, 1945-இல் வடமேற்கு ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது.

மற்றொரு கூறு 12-வது பீல்ட் ரெஜிமென்ட். அதில் ஹாமில்டனின் 11-வது பேட்டரி, குவெல்ஃபின் 16-வது பேட்டரி, அப்புறம் குவெல்ஃபின் 43-வது பேட்டரி. கிழவர் டேவிட் மெக்ரே உருவாக்கி, கூடவே போக முடியாமல் நின்ற அதே எண். இந்த மூன்று பேட்டரிகளும்தான் 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின.

கடலில் மிதந்துகொண்டே பீரங்கி சுட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. அன்று ஜூனோ கடற்கரை கனடியர்களின் பொறுப்பு. 3-வது கனடியக் காலாட்படை டிவிஷனுக்குத் துணையாக நான்கு பீல்ட் ரெஜிமென்ட்கள், ரெஜிமென்டுக்கு 24 பீரங்கி, மொத்தம் 96. எல்லாம் டாங்க் சேஸிஸில் ஏற்றிய 105 மிமீ பீரங்கிகள். அவற்றில் இயந்திரத் துப்பாக்கி நிற்கும் வட்ட மேடை தேவாலயப் பிரசங்க மேடை போல இருந்ததால் 'ப்ரீஸ்ட்' என்று பெயர். பாதிரியார்!

ஒவ்வொரு தரையிறங்கு கலத்திலும் நான்கு ப்ரீஸ்ட் நின்றன. 12-வது, 13-வது ரெஜிமென்ட்கள் குர்சேல் ஊருக்கு முன்னால் இறங்கும் 7-வது காலாட்படைப் பிரிகேடுக்காகச் சுட்டன. இதில் கஷ்டம் என்ன தெரியுமா? பீரங்கி சுடுவது முழுக்கக் கணக்கு. இலக்கு இத்தனை தூரம், இத்தனை உயரம், காற்று இந்தப் பக்கம் என்று எல்லாம் நிலையாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். இங்கே கலம் கரையை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது, தூரம் நொடிக்கு நொடி குறைகிறது, அலை தூக்கிப் போடுகிறது. ஆகவே தூரத்தைத் தொடர்ந்து குறைத்துக்கொண்டே, சீரான இடைவெளியில் அத்தனை பீரங்கிகளும் சுட்டன. தளமெல்லாம் குண்டுகளும் காலித் தோட்டாக் கூடுகளுமாய், புகைக்கு நடுவே, ஈர உடையோடு, கடல் குமட்டலோடு ஆட்கள் பீரங்கிக்குக் குண்டு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

பலன்? மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்பார்த்த அளவு இல்லை. கான்கிரீட் அரண்களை இந்தச் சுடுதல் உடைக்கவில்லை. குர்சேலில் இறங்கிய காலாட்படை, எதிரியின் துப்பாக்கிகள் பெரும்பாலும் உயிரோடு இருப்பதைத்தான் கண்டது, மிகுந்த விலை கொடுத்தே கரையைப் பிடித்தது. பீரங்கிகள் உண்மையில் தங்கள் மதிப்பைக் காட்டியது அடுத்த சில நாட்களில். ஜெர்மனியின் டாங்க் படையான 12-வது எஸ்.எஸ். பான்சர் டிவிஷன் புட்டோ, பிரெட்வில் கிராமங்களில் 7-வது பிரிகேடை மோதியபோது, நிலத்தில் கால் ஊன்றி நின்ற பீரங்கிகள் அந்தத் தாக்குதல்களை உடைப்பதில் பெரும்பங்கு வகித்தன.

அந்த ப்ரீஸ்ட் பீரங்கிகள் என்ன ஆயின?

அந்தக் கோடையிலேயே அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரெஜிமென்ட் இழுத்துச் செல்லும் 25 பவுண்டர் பீரங்கிக்கு மாறியது. அந்தப் பீரங்கியின் குண்டு எடை 25 பவுண்ட், அதாவது 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதுதான் பெயர்க்காரணம்.

திருப்பிக் கொடுத்தவற்றுக்கு வேறு வேலை வந்தது. காலாட்படையைத் திறந்த வெளியில் நடத்திச் சென்றால் இயந்திரத் துப்பாக்கிகள் அறுத்துத் தள்ளிவிடுகின்றன என்று தளபதி கய் சைமண்ட்ஸ் கவலையில் இருந்தார். ப்ரீஸ்டிலிருந்து பீரங்கியைக் கழற்றிவிட்டு, திறப்பை இரும்புத் தகடால் அடைத்து, உள்ளே வீரர்களை ஏற்றிவிட்டால்? சில நாட்களில் 76 வண்டிகளை அப்படி மாற்றினார்கள். வேலை செய்த பட்டறைக்குக் கங்காரு என்று சங்கேதப் பெயர். வயிற்றில் குட்டியைச் சுமக்கும் விலங்கின் பெயர் வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கி களைந்த பாதிரியார்கள் என்றும் அவற்றைச் சொன்னார்கள். ஆகஸ்ட் 7 இரவு கான் நகருக்குத் தெற்கே அவை முதன்முதலாகத் தாக்குதலில் இறங்கின. இன்று எல்லா ராணுவங்களும் வைத்திருக்கும் கவச வீரர் வண்டிகளின் முன்னோடிகளில் ஒன்று, குவெல்ஃப், ஹாமில்டன் பையன்கள் ஜூனோவில் ஓட்டி இறக்கிய ரகம்.

12-வது ரெஜிமென்ட் அதன் பிறகு டிவிஷனோடு பூலோன், ஷெல்ட் ஆற்று முகம், ரைன்லாந்து வழியாக ஜெர்மனிக்குள் போய், போர் முடியும்வரை சுட்டது.

இந்தப் படையின் கொடி எங்கே? போர்ப் பெருமைகள் எங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன?

காலாட்படைக்குப் பட்டுக் கொடி உண்டு, அதில் சண்டையிட்ட ஊர்களின் பெயர்கள் இருக்கும். பீரங்கிப் படைக்கு அப்படி இல்லை. அவர்களுடைய பீரங்கிதான் கொடி. அணிவகுப்பில் கொடிக்குத் தரும் அதே மரியாதை பீரங்கிக்கு. ஊர்ப் பெயர்களுக்குப் பதிலாக ஒரே ஒரு லத்தீன் சொல்: உபிக்வே. 'எங்கும்' என்று பொருள். எல்லாப் போரிலும் பீரங்கி இருந்திருக்கிறது, தனியாகப் பட்டியல் எதற்கு என்பதுதான் கருத்து. பீரங்கிப் படையின் பெயரில் ராயல் என்ற அடைமொழி 1935-இல் சேர்ந்தது.

இன்னொரு வழக்கம், டிசம்பர் 4. புனித பார்பரா நாள். வெடிமருந்தோடு வேலை செய்பவர்களின் காவல் புனிதர் அவர், பீரங்கிப் படைகளில் அந்த நாளைக் கொண்டாடுவார்கள்.

ஒரு பீரங்கியைச் சுட எத்தனை பேர் வேண்டும்?

பீரங்கியின் பக்கத்தில் ஆறேழு பேர். சார்ஜன்ட் தலைமை. ஒருவர் குறிபார்ப்பார், ஒருவர் குண்டு ஏற்றுவார், மற்றவர்கள் குண்டைத் தயார் செய்து எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் இவர்கள் யாரும் இலக்கைப் பார்ப்பதில்லை. பல கிலோமீட்டர் தள்ளி, காலாட்படையோடு முன்னால் போகும் பார்வையாளர் ஒருவர்தான் இலக்கைப் பார்த்து ரேடியோவில் சொல்வார். நடுவில் கட்டளை நிலையத்தில் இருப்பவர்கள் அதைக் கோணமாகவும் தூரமாகவும் மாற்றிக் கொடுப்பார்கள். மூன்று இடத்தில் ஒரு தப்பு நடந்தாலும் குண்டு நம் ஆட்கள் மேல் விழும். வாரத்தில் ஒரு மாலை மட்டும் கூடும் ஆட்கள் இதைப் பிசகாமல் செய்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

இப்போது என்ன பீரங்கி வைத்திருக்கிறார்கள்?

ரிசர்வ் ரெஜிமென்ட்களில் நெடுங்காலமாகப் புழங்குவது 105 மிமீ சி3 ஹோவிட்சர். அமெரிக்காவின் பழைய எம்101 வடிவமைப்பின் நீண்ட குழல் கொண்ட மேம்பட்ட உருவம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹாமில்டனில் தனி ரெஜிமென்ட் இருந்தது. மிலிஷியாவைச் சுருக்கிய காலத்துக்குப் பின் 11-வது பேட்டரி குவெல்ஃபோடு இணைந்தது. இப்படித்தான் 1944-இல் ஒரே கடற்கரையில் இறங்கிய 11-வதும் 16-வதும் இன்று ஒரே ரெஜிமென்டில் இருக்கின்றன. ஆப்கானிஸ்தானுக்குக் கனடா படை அனுப்பிய வருடங்களில் நாடெங்கும் இருந்து ரிசர்வ் வீரர்கள் முறைப்படையோடு சேர்ந்து போனார்கள்.

குடியுரிமை இல்லாதவர் சேரலாமா?

2022 நவம்பரில் கனடா ராணுவம் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களிடமிருந்தும் விண்ணப்பம் வாங்குவதாக அறிவித்தது. ரிசர்வ் படையில், பெற்றோர் சம்மதத்தோடு 16 வயதிலேயே சேரலாம், முழுநேரமாகப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

நேரில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

குவெல்ஃப் வாட்டர் தெருவில் ஜான் மெக்ரே பிறந்த சிறிய கல் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அவருடைய பதக்கங்கள் அங்கே உள்ளன. அவை 1997-இல் ஏலத்துக்கு வந்தன. வெளிநாட்டுக்குப் போய்விடுமோ என்ற பதற்றம் இருந்தது. டொரோன்டோவில் ஆடைத் தொழில் செய்த, இந்த நாட்டுக்குக் குடியேறி வந்த ஆர்தர் லீ 4,00,000 டாலர் கொடுத்து வாங்கி, அப்படியே இந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். குவெல்ஃப் நகர அருங்காட்சியகத்துக்கு முன்னால் மெக்ரேயின் வெண்கலச் சிலை நிற்கிறது. ரூத் அபர்னதி செய்தது. கவிதையின் நூற்றாண்டான 2015-இல் இதன் ஜோடிச் சிலை ஒட்டாவாவிலும் திறக்கப்பட்டது. அங்கே அது பீரங்கிப் படையின் தேசிய நினைவிடத்தில் இருக்கிறது.

ஹாமில்டனில் ஜேம்ஸ் தெரு வடக்கில் உள்ள ஜான் வியர் ஃபூட் படைக்கூடத்தில்தான் 11-வது பேட்டரி. குவெல்ஃப் படைக்கூடம் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே, விண்டம் தெருவில் இருக்கிறது. பயிற்சி மாலைகளில் அந்தப் பக்கம் போனால் உள்ளே விளக்கெரியும்.